உப்பும் இனிப்பும் சேர்ந்த கப்கேக்: நொறுக்குத்தீனி நமத்துப் போகாமல் செய்யும் முழுமையான வழிகாட்டி

கப்கேக் மேல் நான்கு பிரெட்சலையும் (முடிச்சு வடிவில் சுட்ட மொறுமொறு உப்புத் தீனி) ஒரு கைப்பிடி பாப்கார்னையும் தூவிவிட்டால் உப்பு-இனிப்பு கப்கேக் ஆகிவிடாது. அப்படிச் செய்வதில் பெரும்பாலும் இரண்டு குறைகள் வரும். க்ரீம் திகட்டும், மேலே வைத்த மொறுமொறுப்பு சீக்கிரமே நமத்துப் போகும். பரிமாறும் நேரத்தில் இவற்றைச் சரிசெய்ய முடியாது. கேக் மாவு கலக்கும்போதே உப்புக்கும் ஈரத்துக்கும் கணக்குப் போட்டுவிட வேண்டும்.

இங்கே கொடுத்திருக்கும் அளவு 12 கப்கேக்குகளுக்கு. வெனிலா கேக், நடுவில் உப்பு கேரமல், மேலே கேரமல் பட்டர்க்ரீம், அதன் மேல் நொறுக்குத்தீனி. எல்லாவற்றையும் கிராமில் எடைபோட்டு எடுங்கள். ஒரு கப் மைதாவை அழுத்தி அள்ளினால் ஓர் எடை, தூவி நிரப்பினால் இன்னோர் எடை. 30 கிராம் கூடினாலே கேக் வறண்டுவிடும்.

முதலில் உப்புக் கணக்கு

வெண்ணெய் உப்பில்லாததாக இருக்கட்டும். உப்பு சேர்த்த வெண்ணெயில் பொதுவாக 1.5 முதல் 2 சதவீதம் உப்பு இருக்கும். கேக்குக்கும் க்ரீமுக்கும் சேர்த்து 265 கிராம் வெண்ணெய் போகிறது. அதிலேயே 4 முதல் 5 கிராம் உப்பு, அதாவது கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி, நமக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும். அதன் மேல் சிப்ஸும் பிரெட்சலும் ஏறினால் கரிக்கத்தான் செய்யும்.

உப்பை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: கேக்கில் கால் தேக்கரண்டி, கேரமலில் அரைத் தேக்கரண்டி, பட்டர்க்ரீமில் தனியாக எதுவும் வேண்டாம். மீதி உப்பு மேலே வைக்கும் தீனியிலிருந்து வரட்டும். நாக்கில் முதலில் படுவது அதுதான் என்பதால் குறைந்த உப்பே நிறைவாகத் தெரியும். சிறிதளவு உப்பு கசப்பை அடக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும்; கருகலுக்கு அருகில் போகும் கேரமலுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் உப்பு அவ்வளவு பொருந்துவது அதனால்தான்.

எதை எப்போது செய்வது

கேரமல், கேரமல் பாப்கார்ன், சர்க்கரைப் பூச்சுக் கடலை, சாக்லேட் தோய்த்த பிரெட்சல் எல்லாம் முந்தின நாளே செய்து காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். கேக்கும் க்ரீமும் அன்றைக்கே. சிப்ஸ் மட்டும் தட்டில் வைக்கும் நேரத்துக்கு.

உப்பு கேரமல்

சர்க்கரை 100 கிராம், தண்ணீர் 30 மில்லி, எலுமிச்சைச் சாறு 4 துளி, கொழுப்பு 35 சதவீதம் உள்ள க்ரீம் 80 மில்லி, வெண்ணெய் 45 கிராம், தூள் உப்பு அரைத் தேக்கரண்டி.

அடி கனமான, இரண்டு லிட்டராவது கொள்ளும் பாத்திரம் எடுங்கள். பொருள் கொஞ்சம்தானே என்று சின்னப் பாத்திரம் எடுக்கக் கூடாது. க்ரீம் ஊற்றும்போது கேரமல் சட்டென்று பொங்கி எழும். அது 170 டிகிரிக்கு மேல் இருக்கும் சர்க்கரை. கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும்.

சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் சேர்த்து, சர்க்கரை முழுக்க நனைந்ததும் மிதமான தீயில் வையுங்கள். கொதி வந்தபின் கரண்டி போடவே கூடாது. கிளறினால் பாத்திர ஓரத்தில் காய்ந்து நிற்கும் சர்க்கரைப் பருக்கைகள் பாகுக்குள் விழும். ஒரு பருக்கை விழுந்தாலும் அதைச் சுற்றி மொத்தப் பாகும் பூத்து மணல்மணலாகிவிடும். ஓரத்தில் ஒட்டியிருப்பதை ஈரத் தூரிகையால் துடைத்துவிடுங்கள். நிறம் ஒரு பக்கம் மட்டும் ஏறினால் பாத்திரத்தைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் போதும். எலுமிச்சை சர்க்கரையின் ஒரு பகுதியை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிப்பதால் பூத்துப்போகும் வாய்ப்பு குறையும். பூத்தேவிட்டால் கொட்ட வேண்டாம். 50 மில்லி தண்ணீர் ஊற்றிக் கரைத்து மறுபடி காய்ச்சலாம்.

தேன் நிறத்தில் இறக்கினால் வெறும் இனிப்புதான் இருக்கும். செம்பு நிறம் வரட்டும். லேசாகப் புகை எழும் நொடிக்கு முன்னால் நிறுத்த வேண்டும். அங்கேயிருந்து கருகலுக்குச் சில விநாடிகள்தான். ஆகவே க்ரீமை முன்கூட்டியே சூடாக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். அடுப்பை அணைத்துவிட்டு க்ரீமை மூன்று தவணையாக ஊற்றுங்கள். குளிர்ந்த க்ரீம் ஊற்றினால் கேரமல் கட்டியாக உறையும். அப்படி ஆனால் சிறு தீயில் வைத்துக் கிளறக் கரைந்துவிடும். பிறகு வெண்ணெய், உப்பு. ஒரு நிமிடம் மட்டும் மறுபடி கொதிக்க விட்டு இறக்குங்கள்.

சூடாக இருக்கும்போது நீர்த்துத்தான் தெரியும், ஆறினால் இறுகும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். ஓடினால் இன்னும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும், சோம்பலாக நகர்ந்தால் பதம் சரி. சுமார் 220 கிராம் கிடைக்கும். 90 கிராம் க்ரீமுக்கு, 60 கிராம் உள்ளே நிரப்ப, மீதி மேலே கோடு இழுக்க.

கேக்

மைதா 160 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, தூள் உப்பு கால் தேக்கரண்டி, வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 2, பால் 120 மில்லி, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி. முட்டையும் பாலும் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளவென்று எண்ணெய் கசியக் கூடாது.

ஓவனை 175 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் சூடேற்றுங்கள். உள்ளே விசிறி சுழலும் ஓவன் என்றால் 160 போதும். ஓவனின் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. தனியாக ஓர் ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிடுவது நல்ல முதலீடு.

வெண்ணெயையும் சர்க்கரையையும் 3 முதல் 4 நிமிடம் அடியுங்கள். நிறம் வெளுத்துப் பஞ்சு போல ஆக வேண்டும். இந்தக் காற்றுக் குமிழ்களைத்தான் பேக்கிங் பவுடர் பின்னால் பெரிதாக்கும். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று முழுக்கக் கலந்தபின் அடுத்தது. கலவை திரிதிரியாகப் பிரிந்தால் முட்டை குளிர்ச்சியாக இருந்திருக்கிறது. சலித்த மாவில் ஒரு கரண்டி போட்டுக் கலந்தால் சேர்ந்துவிடும். இப்போது மைதாவை மூன்று பங்காகவும் பாலை இரண்டு பங்காகவும் மாற்றி மாற்றிச் சேருங்கள், மாவில் தொடங்கி மாவில் முடியுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போன நொடியில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் மைதாவின் பசைத்தன்மை இறுகி, கேக் உச்சி கூம்பாக எழும்பி வெடிக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே புழு துளைத்த மாதிரி நீளத் துளைகள் தெரியும்.

பேப்பர் கப் ஒவ்வொன்றிலும் 50 முதல் 55 கிராம் மாவு, மூன்றில் இரண்டு பங்கு உயரம். டாப்பிங் வைக்கும் கப்கேக் உச்சி தட்டையாக, கப் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்பது நல்லது. க்ரீமுக்கு உட்கார இடம் கிடைக்கும். மேலே கனமான பிரெட்சல் வைத்தாலும் சரியாது. மாவு ஊற்றியதும் ஓவனுக்குள் வையுங்கள், காத்திருக்க விடாதீர்கள். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும்.

18 முதல் 20 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் நடு அமுங்கும். உச்சியை விரலால் மெல்ல அழுத்தினால் திரும்ப எழ வேண்டும், குச்சி குத்தினால் ஈர மாவு ஒட்டக் கூடாது. வெந்ததும் தட்டிலேயே 5 நிமிடம், பிறகு கம்பி ரேக்குக்கு மாற்றிவிடுங்கள். சூட்டுத் தட்டிலேயே விட்டால் நீராவி அடியில் தேங்கி, பேப்பர் கப் ஈரமாகிக் கழன்று வரும்.

ஒரு மணி நேரமாவது ஆறட்டும். அடியில் கை வைத்தால் வெதுவெதுப்பு துளியும் தெரியக் கூடாது. ஆறியதும் சிறு கத்தியால் நடுவில் 2 செ.மீ. ஆழத்துக்குக் கூம்பாகத் தோண்டி, ஒவ்வொன்றிலும் 5 கிராம் கேரமல் ஊற்றுங்கள். அடிவரை தோண்டினால் கேரமல் பேப்பர் வழியாகக் கசியும். தோண்டியெடுத்த துண்டின் மேல்பகுதியை மூடி போல வைத்து அடைத்துவிடலாம்.

கேரமல் பட்டர்க்ரீம்

வெண்ணெய் 150 கிராம், ஐசிங் சுகர் 225 கிராம், முழுக்க ஆறிய கேரமல் 90 கிராம், தேவைப்பட்டால் ஒரு மேசைக்கரண்டி பால்.

வழக்கமான பட்டர்க்ரீமில் வெண்ணெயைப்போல் இரண்டு மடங்கு சர்க்கரை போடுவார்கள். இங்கே ஒன்றரை மடங்கு மட்டும்தான், ஏனென்றால் கேரமலிலும் டாப்பிங்கிலும் சர்க்கரை இருக்கிறது. அளவைக் கூட்ட வேண்டாம் என்றுதான் அழுத்திச் சொல்வோம். இந்தக் கப்கேக்கை முழுதாகச் சாப்பிட வைப்பதே இந்தக் குறைவுதான்.

வெண்ணெயை மட்டும் 4 நிமிடம் அடித்து, சலித்த ஐசிங் சுகரை இரண்டு தவணையாகச் சேர்த்து, கடைசியில் கேரமலை ஊற்றி இன்னும் 2 நிமிடம் அடியுங்கள். கேரமல் வெதுவெதுப்பாக இருந்தால்கூட வெண்ணெய் உருகிக் கூழாகிவிடும். கூழானால் கிண்ணத்தோடு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள். மாறாக, தயிர் திரிந்த மாதிரி பிரிந்து நின்றால் க்ரீம் குளிர்ந்துபோயிருக்கிறது. இரண்டு கரண்டி எடுத்து உருக்கி, அடித்துக்கொண்டே திரும்ப ஊற்றினால் சேரும்.

அறைச் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் பட்டர்க்ரீம் நிற்காது. அப்படிப்பட்ட நாளில் டார்க் சாக்லேட் 200 கிராமும் சூடான க்ரீம் 150 மில்லியும் கலந்த கனாஷ் செய்யுங்கள். தானாக ஆறி இறுகியபின் பைப் செய்யலாம், அதாவது பையில் நிரப்பிப் பிழிந்து வைக்கலாம். உப்புத் தீனிக்கு அதன் கசப்பு பட்டர்க்ரீமைவிடவும் பொருந்தும்.

டாப்பிங்: மொறுமொறுப்பைக் காப்பது

சிப்ஸ், பிரெட்சல், பாப்கார்ன் எல்லாம் மொறுமொறுவென்று இருப்பது அவற்றில் ஈரம் மிகக் குறைவு என்பதால். வெண்ணெயில் மட்டும் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. கேரமலில் க்ரீமின் தண்ணீர் இருக்கிறது. ஈரமான பொருளும் வறண்ட பொருளும் தொட்டுக்கொண்டு இருந்தால் ஈரம் வறண்டதை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். தடுக்க வழி இரண்டு: தொடும் நேரத்தைக் குறைப்பது, அல்லது நடுவில் கொழுப்பால் ஒரு சுவர் எழுப்புவது. சாக்லேட்டில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை; அதுதான் நல்ல சுவர்.

*பிரெட்சலும் சிப்ஸும்.* சிப்ஸ் தடிமனாக, வரி போட்டதாக, வெறும் உப்பு மட்டும் போட்டதாக இருக்கட்டும். மெல்லிய சிப்ஸ் சாக்லேட்டில் தோய்க்கும்போதே உடையும். பூண்டு, வெங்காயத் தூள் போட்டவை வெனிலாவோடு ஒட்டவே ஒட்டாது. டார்க் சாக்லேட் 150 கிராமில் மூன்றில் இரண்டு பங்கை 45 முதல் 50 டிகிரிக்கு உருக்கி, மீதியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, 31-32 டிகிரிக்கு இறங்கும்வரை கிளறுங்கள். இப்படிப் பதப்படுத்தினால்தான் சாக்லேட் பளபளவென்று இறுகி, பல்லில் பட்டால் டக்கென்று உடையும். வெறுமனே உருக்கித் தோய்த்தால் மறுநாள் வெளுத்து, தொட்டாலே கையில் ஒட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் இறுகிக் கட்டியாகும் என்பதால் கிண்ணமும் கரண்டியும் காய்ந்திருக்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் பாதி மட்டும் தோய்த்து, சொட்டுவதை ஓரத்தில் வழித்துவிட்டு, பட்டர் பேப்பரில் காயவையுங்கள். கப்கேக்கில் செருகும்போது சாக்லேட் பூசிய பாதி க்ரீமுக்குள்ளும், பூசாத பாதி வெளியே காற்றிலும் நிற்க வேண்டும். பூச்சில் சின்ன ஓட்டை இருந்தாலும் ஈரம் அதன் வழியே நுழையும். பிரெட்சலின் வளைவுகளின் உட்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் விரல் நுனியால் சாக்லேட் தடவிவிடுங்கள். இப்படிச் செய்த பிரெட்சல் மறுநாளும் மொறுமொறுப்பாக இருக்கும். சிப்ஸ் அவ்வளவு தாங்காது, சில மணி நேரம்தான். பூச்சில்லாத சிப்ஸ் என்றால் பரிமாறுவதற்கு அரை மணிக்கு உள்ளேதான் வைக்க வேண்டும்.

*கேரமல் பாப்கார்ன்.* 40 கிராம் சோளத்தைப் பொரித்து, பொரியாத மணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மென்மையான கேக்கைக் கடிக்கும் பல்லுக்கு அந்த மணி எதிர்பாராத கல். பிரவுன் சுகர் 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், தேன் 30 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி சேர்த்து 4 நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துக் கால் தேக்கரண்டி பேக்கிங் சோடா போடுங்கள். பாகு நுரைத்து வெளுக்கும். அந்தக் குமிழ்கள் உள்ளேயே தங்குவதால்தான் பூச்சு பல்லில் ஒட்டாமல் நொறுங்குகிறது. நுரை அடங்குவதற்குள் பாப்கார்ன் மேல் ஊற்றிக் கலந்து, தட்டில் பரப்பி, 120 டிகிரி ஓவனில் 40 நிமிடம், 10 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி வேகவிடுங்கள். இந்த நேரத்தில் பூச்சிலிருக்கும் ஈரம் போகிறது. அவசரப்பட்டு 20 நிமிடத்தில் எடுத்தால் பிசுபிசுப்பு நீங்காது. ஆறியதும் உடனே டப்பாவில் மூடுங்கள், கேரமல் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும்.

*சர்க்கரைப் பூச்சுக் கடலை.* தோல் நீக்கி வறுத்த வேர்க்கடலை 100 கிராம், சர்க்கரை 60 கிராம், தண்ணீர் 20 மில்லி. மூன்றையும் வாணலியில் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் பாகு, பிறகு சர்க்கரை பூத்து மணல் போலக் கடலையில் ஒட்டும். கேரமலுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக இங்கே பூப்பதுதான் வேண்டும். தொடர்ந்து கிளறினால் அந்த மணல் உருகிப் பழுப்பாகக் கடலையை மூடும். இறக்கியதும் இரண்டு சிட்டிகை உப்பு தூவிப் பரப்புங்கள். ஆறியபின் பாதியைக் கரகரப்பாக நறுக்குங்கள். விளிம்பில் உருட்டி ஒட்ட நறுக்கியதும், உச்சிக்கு முழுக்கடலையும் நன்றாக இருக்கும்.

அடுக்குவது

பெரிய நட்சத்திர நாசிலால் (க்ரீம் பிழியும் பையின் முனை) ஒவ்வொன்றுக்கும் 35 முதல் 40 கிராம் க்ரீம். உயரமான சுருள் போட வேண்டாம். இரண்டு சுற்று, நடுவில் சற்றே பள்ளம். பாப்கார்ன் அந்தப் பள்ளத்தில் உட்காரும். பைப் செய்து சிறிது நேரத்திலேயே க்ரீமின் மேல்பகுதி காய்ந்து தோல் கட்டத் தொடங்கும். அதற்குப் பிறகு தூவுவது ஒட்டாமல் உருண்டு விழும். ஆகவே நான்கு கப்கேக்குக்கு க்ரீம் வைத்ததும் அந்த நான்குக்கும் டாப்பிங்கை முடித்துவிட்டு அடுத்த நான்குக்குப் போங்கள்.

முதலில் விளிம்பை நறுக்கிய கடலையில் உருட்டுங்கள். அடுத்து பிரெட்சலை ஒரு செ.மீ. ஆழத்துக்குச் சாய்வாகச் செருகுங்கள். பிறகு மூன்று நான்கு பாப்கார்ன். ஒரு கப்கேக்கில் மூன்று வகைக்கு மேல் வேண்டாம். கூடினால் எதன் சுவையும் தெரியாது. கேரமல் கோடு கடைசியில், அதுவும் க்ரீம் மேல் மட்டும். பாப்கார்ன் மேல் இழுத்தால் இவ்வளவு நேரம் காத்த மொறுமொறுப்பை நாமே ஊறவைத்ததாகிவிடும். செதில் உப்பு தூவ ஆசைப்பட்டால், மேலே சிப்ஸோ பிரெட்சலோ இல்லாத கப்கேக்குக்கு மட்டும் தூவுங்கள்.

சாப்பிடுபவர்களில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இருந்தால் கடலையை விளிம்பிலிருந்து மட்டும் எடுத்தால் போதாது, அந்தச் சமையலில் கடலையே வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுப்பதில் பாப்கார்னும் முழுக்கடலையும் வைக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

வைத்திருப்பதும் எடுத்துப்போவதும்

டாப்பிங் வைத்த கப்கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் கேக்கின் மாவுச்சத்து வேகமாக இறுகி வறண்டதுபோல ஆகும். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் மேலே முத்துமுத்தாகப் படியும். கேரமல் பாப்கார்னுக்கு அந்த ஈரம் போதும், சில நிமிடத்தில் பிசுபிசுக்கும். குளிர்ந்த அறையில் மூடி வைத்தால் ஒரு நாள் நன்றாக இருக்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் கேரமல் நிரப்பாத வெறும் கேக்கை ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். சுற்றிய உறையோடேயே அறைச் சூட்டுக்கு வர விட்டு, பிறகு நிரப்பி, க்ரீம் வையுங்கள்.

வெளியே எடுத்துப்போவதாக இருந்தால் க்ரீம் வரை வீட்டில் முடித்து, பிரெட்சலை மட்டும் செருகிக்கொள்ளுங்கள். பாப்கார்ன், கடலை, சிப்ஸ் மூன்றும் தனித்தனி டப்பாவில் வரட்டும். போன இடத்தில் க்ரீம் தோல் கட்டியிருக்கும். சூடான தண்ணீரில் முக்கித் துடைத்த கரண்டியின் முதுகால் அதன் மேல் ஒருமுறை தடவினால் மறுபடி ஒட்டும் பதத்துக்கு வந்துவிடும்.